தண்ணீர் கலந்த பால்



ஜூரோங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த இடம். 1961-இல் அங்கே தொழிற்பேட்டை எழத் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டிலிருந்தே இணையவழியில் படிக்கிறார்கள், தேர்வும் எழுதுகிறார்கள். மேற்பார்வையாளர் அருகில் இல்லாத அந்த வேளையில்தான் நேர்மைக்குச் சோதனை.

2020-இல், கொரோனா காலத்தில், சிங்கப்பூர் வழக்கறிஞர் தேர்வு இணையவழியே நடந்தது. அதில் 11 பேர் முறைகேடு செய்தது தெரியவந்தது. அவர்களில் ஐவர் வாட்ஸ்அப் மூலம் விடைகளைப் பகிர்ந்துகொண்டவர்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் அந்த ஐவரும் வழக்கறிஞராவதை 6 மாதம் தள்ளிவைத்தது.

ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும். காய்ந்த ரப்பர் கூடாது. இது நாம் அறிந்ததே. பிறர் விடையை எழுதினால் மதிப்பெண் கூடும், அறிவு கூடாது.

ஆகவே பிள்ளையிடம், "எழுதியதை உன் சொல்லில் சொல்லிக் காட்டு" என்று கேட்போம். எழுத்தறியாத தாயும் இதைக் கேட்கலாம். பிள்ளை தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டாம். ஆசிரியரிடம் விளக்கம் கேட்கச் சொல்வோம். கணினியின் உதவியை எந்த அளவு பெறலாம் என்பதையும் முன்னதாகவே கேட்டறியச் செய்வோம்.

குறைந்த மதிப்பெண்ணை அடுத்த தேர்வில் உயர்த்தலாம். இழந்த நம்பிக்கையை மீட்க நெடுநாளாகும்.