ஒரே வினா, இரு குரல்கள்



மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது நாம் அடிக்கடி ஒன்றைக் காண்கிறோம். தாத்தாவின் மறைவைப் பற்றிய கட்டுரையில் ‘கண்ணீர் ஆறாய்ப் பெருகியது’ என்றிருக்கும். தொலைந்த பேனாவைப் பற்றிய கட்டுரையிலும் அதே தொடர் இருக்கும். தொடரில் பிழையில்லை, உணர்ச்சிதான் இரவல். பொதுவான சொற்களில் சொந்த உணர்ச்சி எவ்வாறு குடியேறுகிறது என்பதற்கு, அமெரிக்கப் பாடகரும் பாடல் படைப்பாளரும் பியானோ கலைஞருமான கேரல் கிங் நல்ல சான்றாவார்.

1942இல் நியூயார்க்கில் பிறந்த அவர், தம் 18ஆம் வயதில் ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ என்னும் பாடலுக்கு இசையமைத்தார். சொற்கள் அவர்தம் கணவர் ஜெரி காஃபினுடையவை. இன்றைய அன்பு நாளையும் நிலைக்குமா என்று ஓர் இளம்பெண் கேட்பதே அதன் பொருள். ‘ஷிரெல்ஸ்’ என்னும் பெண்கள் குழு 1960இல் பாடி வெளியிட்ட அப்பாடல், மறு ஆண்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் பெற்றது.

பின்னர் அவர்களது மணவாழ்வு முறிந்தது. பெரும்பாலும் பிறருக்கே பாடல் படைத்துவந்த கேரல் கிங், 1971இல் வெளிவந்த ‘டேப்பஸ்ட்ரி’ இசைத்தொகுப்பில் அதே பாடலைத் தாமே பியானோ வாசித்துப் பாடினார். துள்ளிய தாளம் மெதுவாயிற்று. குரலில் இருந்த இலேசான கரகரப்பை அவர் மறைக்கவில்லை. முன்பு ஐயமாய் ஒலித்த வினா, இப்போது விடையை வாழ்ந்தறிந்த ஒருவரின் வினாவாய் ஒலித்தது. அத்தொகுப்பு 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1972இல் அவருக்கு நான்கு கிராமி விருதுகள் கிடைத்தன.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகையைப் பொதுவாகக் கூறி அமையவில்லை. இகழப்படுதல், இழத்தல், நிலைதளர்தல், வறுமையுறுதல் என அது பிறக்கும் களங்கள் நான்கினைப் பிரித்துக் காட்டினார். ஆகவே நாம் மாணவரின் தொடரை அடித்துவிடுவதோடு நின்றுவிடலாகாது. “இந்த அழுகை எங்கிருந்து வந்தது? அன்று நீ எதைக் கண்டாய்?” என்று அருகிருந்து கேட்க வேண்டும். “தாத்தாவின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது” என்று அம்மாணவர் எழுதக்கூடும். அவ்வரியில் அணி ஏதுமில்லை; ஆயினும் அது அவருடைய வரி. அதற்கு நாம் உரிய மதிப்பெண் வழங்குவோமாக.