மாடு வாங்குமுன் கணக்கைச் சொல்லுவோம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நமது நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. அதற்காக எத்தனை கூட்டம், எத்தனை போராட்டம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மாதக் கடைசியில் கடைக்கணக்கு தீருவதில்லை. கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறைகிறது. அதனால்தான் லயத்துக்கு லயம் நம்மவர்கள் மாடு வளர்க்கிறார்கள், கரட், லீக்ஸ் போடுகிறார்கள், இஸ்தோப்பில் தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். இதில் தலைவர்களாகிய நமது வேலை என்ன?

முதலாவது, முழுக் கணக்கையும் சொல்வது. 'மாடு வாங்கினால் முன்னேறலாம்' என்று நாம் சொன்னால், அதை நம்பி ஒருவர் கடன் எடுப்பார். ஆகவே மற்றதையும் சொல்ல வேண்டும். நல்ல கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ பச்சைப்புல் வேண்டும். மலையில் இருந்து இறங்கி வந்த பிறகு அதை அறுப்பது யார்? பாலுக்கு விலை அளவை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை; கொழுப்பையும் மற்றச் சத்தையும் பார்த்தே கொடுப்பார்கள். கன்று போடுவதற்கு முன் ஏறத்தாழ 2 மாதம் கறவையை நிறுத்த வேண்டும். அந்த 2 மாதமும் கடன்காரர் வாராவாரம் வாசலுக்கு வருவார்.

ஓர் உதாரணம். 50,000 ரூபா கடன், வாரம் 1,250 ரூபா வீதம் 52 வாரம். கேட்க இலேசாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் கட்டுவது 65,000 ரூபா. கையெழுத்துப் போடுமுன் இந்தக் கூட்டலை நாம் செய்து காட்ட வேண்டும்.

இரண்டாவது, கேட்பது. இரவு 7 மணிக்குக் கூட்டம் வைத்தால் ஆண்கள் வருவார்கள். பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். மாட்டைப் பார்ப்பதும் தவணை கட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில், அவர்களுக்கு வசதியான நேரத்தில் பேசுவோம். பேசி முடித்ததும் 'விளங்கியதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'நீங்கள் வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள், அக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். நாம் சொன்னது எங்கே விளங்கவில்லை என்பது அப்போது தெரியும்.

மூன்றாவது, சங்கத்தையும் வியாபாரத்தையும் கலக்காதிருப்பது. தலைவர் கடை வைக்கலாம், பால் சேர்க்கலாம். ஆனால் சங்கக் காசு வேறு, கடைக் காசு வேறு. கொப்பியும் வேறாக இருக்க வேண்டும். தலைவரின் கடையில் கடன் வைத்திருக்கும் ஒருவர் கூட்டத்தில் எழும்பித் தலைவரைக் கேள்வி கேட்பாரா? கேட்கப் பயப்படுவார். அந்தப் பயம் வந்தால் சங்கம் பலவீனமாகும். மற்றச் சங்கத்துக்காரர் கொண்டு வரும் பாலையும் அதே விலைக்கே வாங்க வேண்டும்.

நான்காவது, நிலம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. துரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு துரை வாயால் கொடுத்த அனுமதி அவர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடும். ஆகவே மண்வெட்டியை எடுக்குமுன், எவ்வளவு நிலம், எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் கேட்போம். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவோம். பேசியதைத் திகதி போட்டு எழுதி வைப்போம்.

இன்னொன்று. 'உங்களுக்குத்தான் பால் காசு, மரக்கறிக் காசு வருகிறதே, சம்பளம் எதற்குக் கூட்ட வேண்டும்?' என்று நம்மிடம் கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுவோம். பால் காசு, பகல் வேலை முடிந்த பிறகு நமது குடும்பம் படும் பாட்டுக்கு வருவது. சம்பளம் மலையில் எடுத்த கொழுந்துக்கு வருவது. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க விடமாட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் மாடோ தோட்டமோ வைத்திருக்கும் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒரு மாத வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். அவற்றை வைத்து, யாருக்கு எது கட்டுப்படியாகும் என்று சேர்ந்து பேசுவோம்.