முத்துக்குளித்துறையில் மணியோசையும் அச்செழுத்தும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நமது கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், நம் கடற்கரையில் நடந்த கிறிஸ்தவ நற்செய்திப் பணியைப் பற்றியும், அது கையாண்ட சாதனங்களைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இந்த அவையில் கோவிலுக்குச் செல்வோரும் உளர். தேவாலயத்துக்குச் செல்வோரும் உளர். இரண்டுக்கும் செல்லாதோரும் உளர். நானோ அரசுப் பள்ளியின் ஊழியன். ஆகவே எந்த மதம் உயர்ந்தது என்னும் வழக்கை நான் தொடப்போவதில்லை. ஒரு செய்தியை மக்களிடம் கொண்டு சேர்க்க விரும்பியவர்கள் இம்மண்ணில் என்ன செய்தார்கள், அதனால் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன, நம் மக்களுக்குக் கிடைக்காமற்போனது என்ன என்பதை மட்டும் ஓர் ஆசிரியனின் கண்கொண்டு பார்க்க விழைகின்றேன்.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய முத்துக்குளித்துறைப் பரதவர் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். பெயர்கள் மாறின. ஆனால் ஏற்றுக்கொண்ட சமயத்தின் பொருளை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க ஆளில்லை. 1542-ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் குறையைக் கண்டார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த உள்ளூர் மக்களைத் துணைக்கழைத்துச் செபங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தெருவில் நடந்தார். மணியோசை கேட்டுக் கூடிய சிறுவர்களுக்கு அச்செபங்களைச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குச் சென்று தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் அவற்றைக் கற்பிக்கச் சொன்னார். ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது செபங்களின் பிரதி ஒன்றை அங்கே வைத்து, எழுத அறிந்தவர்கள் அதைப் பெயர்த்தெழுதிக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்தார். இவற்றையெல்லாம் அவரே தம் கடிதங்களில் குறித்திருக்கின்றார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இந்த முறையின் திறத்தை உணர்வர். கையிலிருந்தது ஒரு மணி. துணையாக அமைந்தது பிள்ளைகளின் நினைவாற்றல். இரண்டையும் கொண்டே ஒரு கடற்கரை முழுவதையும் அவர் எட்டினார். எனினும் அதன் எல்லையையும் நாம் காண வேண்டும். மனப்பாடம் செய்தவன் சொல்லியதைத் திருப்பிச் சொல்வான், சொல்லாததைக் கேட்கமாட்டான்.

அடுத்த படியை ஏறியவர், தமிழ்நூல்கள் அண்டிரிக் அடிகளார் என்று குறிப்பிடும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1547-இல் இக்கரைக்கு வந்து, 1600-இல் மறையும்வரை இம்மக்களிடையே வாழ்ந்தவர். அவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் யூத மரபில் பிறந்தவர். அப்பிறப்பின் காரணமாகவே பிரான்சிஸ்கன் துறவற சபையில் தொடர இயலாது விலக நேர்ந்தவர். அதன் பின்னரே இயேசு சபையில் சேர்ந்தார். பிறப்பைக் காட்டி வாயிலை அடைக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அவர் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்க மனமின்றித் தமிழை முறையாகக் கற்றார். தமிழுக்கு ஓர் இலக்கணமும் வகுத்தார். 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் நின்றன. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586-இல், நம் தாமிரவருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட 'அடியார் வரலாறு' அச்சிடப்பெற்றது என்பது ஆய்வாளர் கருத்து. அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் இக்கரைப் பரதவர்களே. பல நூற்றாண்டுகள் மறைந்துகிடந்த அந்நூலின் பிரதியை 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தவர் தனிநாயகம் அடிகளார்.

மணியோசை காற்றோடு போகும். அச்செழுத்து நிலைத்து நிற்கும். படித்தவன் அதை மறுமுறை புரட்டலாம், ஒப்பிடலாம், ஐயுறலாம். அந்த வாய்ப்பு நம் மக்களுக்கு எப்போது வந்தது என்பதே இவ்வுரையின் உயிர்நாடியான வினா.

பெரியோர்களே, செய்தி எல்லாருக்கும் பொதுவென்று சொல்லப்பட்டது. கேட்கும் இடமோ பொதுவாக இருக்கவில்லை. இன்று தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த வடக்கன்குளத்தில், 1872-இல் கட்டப்பெற்ற தேவாலயம் சாதிக்கொரு பகுதியாக இரு கிளைகளாகப் பிரிந்து நின்றது. பிரித்து நிறுத்திய தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் எழுப்ப வேண்டுமென நீதிமன்றம் சென்றோரும் இருந்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை இருந்ததை நாம் அறிவோம். மாண்டவரையும் பிரித்த கொடுமை அது.

மறுபுறம், நன்றியுடன் நினைக்க வேண்டியவையும் உள. 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியுஸ், தம் பொறுப்பில் பயின்ற மாணவர்கள் சாதி பாராது ஒன்றாக உண்ண வேண்டும் என வற்புறுத்தினார். 1832-இல் 'பூமி சாஸ்திரம்' என்னும் நிலநூலைத் தமிழில் வெளியிட்டதும் அவரே. 1842 முதல் சாயர்புரத்தில் ஜி.யு. போப் கல்விச்சாலை நடத்தினார். 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லும் பள்ளிகளை எழுப்பினார். நற்செய்தி சொல்ல வந்தவர்கள் நிலநூலும் கணக்கும் கற்பித்த இடங்களிலெல்லாம், அவர்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கேட்க வந்த பிள்ளை வினவத் தொடங்கியது.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்டறிதலும் கேள்வி. வாயால் வினவுதலும் கேள்வி. திருக்குறளில் கேள்விக்கென ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பேசப்படுவது முதற்பொருள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முதற்கேள்வியே நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அது கிடைத்த பின்னும், இரண்டாம் கேள்விக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்து அச்சேறிய ஆண்டு 1578. இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கிய ஆண்டு 1893. அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய ஆண்டு 1907. இடையில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தன. பிறர் நம்மைப் பற்றியும் நமக்காகவும் பேசிய காலம் அது. நாமே பேசத் தொடங்கியபோதுதான் அரசு செவிசாய்த்தது. சமுதாயமும் திரும்பிப் பார்த்தது.

நம் காலத்துக்கு வருவோம். 1970 முதல் 2003 வரை செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலி ஒலிபரப்பியது. இலங்கையின் புத்தளத்திலிருந்தும் நற்செய்தி ஒலிபரப்பு வந்தது. சுரண்டையில் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன் வானொலி வழியாகவும் பின்னர்த் தொலைக்காட்சி வழியாகவும் வீடுதோறும் அறிமுகமானார். நம் மாவட்டத்து நாலுமாவடியிலிருந்தும் ஓர் ஊழியம் பெருங்கூட்டங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் நடத்திவருகின்றது. இவற்றால் ஆறுதல் பெற்றோர் பலர். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியின் ஒரு கூற்றைச் சிறப்பாகச் சொல்வேன். அது நேயர்களின் கடிதங்களை நாடியது. சிற்றூர்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. கேட்டவர் எழுதுகோலை எடுத்தார். ஒரு சாதனம் சிறந்ததா என்பதை அளக்க இதுவே என் அளவுகோல்: அது கேட்பவரைப் பேச வைக்கின்றதா?

இந்த அளவுகோலை மதச் சொற்பொழிவுக்கு மட்டுமன்று, அரசியல் மேடைக்கும், சினிமாவுக்கும், இன்று நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கும் கைப்பேசிக்கும், ஏன், நமது கழகத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் காண்பதைச் சொல்கின்றேன். பாடம் முடிந்து, "ஐயம் உண்டா?" என வினவினால், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை தலை குனிகின்றது. அறிவுக் குறைவு அன்று அது. கேட்டால் அடி விழும் என்று அதன் பாட்டன் கற்ற பாடம் இன்னும் அதன் உடம்பில் இருக்கின்றது. அந்தக் குனிந்த தலையை நிமிர்த்துவதே நமது கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி.

அதற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

ஒன்று, நம் மாலை வகுப்புகளில் நாள்தோறும் ஒரு மாணவரின் வினாவைக் கரும்பலகையில் எழுதுவோம். விடை தெரியாவிட்டால் ஆசிரியர் மறுநாள் தேடிவந்து சொல்லட்டும். அதில் இழுக்கொன்றும் இல்லை.

இரண்டு, சவேரியார் கண்ட வழியை எழுத்துக்குப் பயன்படுத்துவோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒருவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும். உப்பளத்தில் வெயிலோடு போராடும் தாய், தன் கூலிக் கணக்கைத் தானே படித்து, கைநாட்டுக்குப் பதில் கையெழுத்திட வேண்டும்.

மூன்று, மாணவர்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கட்டும். நம் தெருவில் முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், அவர் எங்கே அமரவைக்கப்பட்டார், கிணறு எப்போது பொதுவாயிற்று என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அம்முதியோர் மறைந்தால் எந்த நூலகத்திலும் அவற்றைத் தேடி எடுக்க முடியாது. அடியார்களின் வரலாறு அச்சேறிய இக்கரையில், அடிமைப்படுத்தப்பட்டோரின் வரலாறும் எழுத்தில் ஏறட்டும்.

மணியடித்து அழைத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். எழுத்தைத் தந்தவர்களை மறவோம். இனி, நாம் வாய்திறந்து கேட்போம்.

 கழகம் பொன்விழாக் காண வாழ்த்தி அமைகின்றேன்.