சீதன உறுதியும் தேடியதேட்டமும்

(எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் நொத்தாரிசு ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உங்கள் அங்கத்தவருள் ஒருவர் என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, மேனாடுகளிலே விவாகத்துக்கு முன்னரே மாப்பிள்ளையும் பெண்ணும் தத்தம் சொத்தைப் பற்றி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுகிறார்களாமே! அன்பினால் இணைகிறவர்களுக்கு இது தகுமா? நம்மவரிடையே இப்படியொரு வழக்கம் இல்லாதது நமக்குப் பெருமையல்லவா?” என்றார். அன்று நான் சொன்ன விடை ஒரே வரிதான்: “தம்பி, வீட்டுக்குப் போய் அம்மாவின் பெட்டகத்தைத் திறந்து பாரும்.” அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லும்படி உங்கள் காரியதரிசி கேட்டுக்கொண்டமையால் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அந்தப் பெட்டகத்திலே என்ன இருக்கும்? கூறைச் சேலைக்கு அடியில், மடிப்புக் கிழியும் நிலையில், ஒரு சீதன உறுதி இருக்கும். விவாகத்தை முன்னிட்டு இன்ன எல்லைக்குட்பட்ட இத்தனை பரப்புக் காணி இன்னாருக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது என்று அதிலே எழுதியிருக்கும். மேனாட்டார் வக்கீலை வைத்து எழுதும் ஒப்பந்தம் எந்தக் காரியத்துக்காக ஏற்பட்டதோ, அதே காரியத்தை யாழ்ப்பாணத்தில் இந்த உறுதி தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறது. நம்மிடம் அவ்வழக்கம் இல்லை என்பது தவறு. இருந்ததை நாம் மறந்துவிட்டோம் என்பதே சரி.

நம்முடைய வழமைகளை ஒல்லாந்தர் காலத்திலே எழுத்தில் தொகுத்தார்கள். தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டில் அத்தொகுப்பை முடித்தார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்மாரின் பார்வைக்கும் வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்குச் சட்டவலு அளித்தார்கள். அதுவே தேசவழமை.

தேசவழமை ஒரு குடும்பத்தின் ஆதனத்தை மூன்றாக வகுத்தது. ஆண்வழியாக வந்தது முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். இருவரும் கூடி வாழுங் காலத்தில் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் போவது பழைய முறை. விவாகமாகாத ஆண்பிள்ளைகள் உழைத்த பொருள்கூடப் பெற்றோரின் பொதுச் சொத்திலே சேர்ந்தது. தமக்கை தங்கையருக்குச் சீதனம் சேர்க்க அண்ணன் தம்பிமார் பாடுபடும் வழக்கம் இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். சீதனம் பெற்றுப் போன மகள் பிறந்த வீட்டுச் சொத்தில் மேலும் உரிமை கேட்பதில்லை. ஆகவே அவளுக்குக் கிடைத்த அந்த ஒரு உறுதியே அவளுடைய முழுப் பங்கு. அதிலே ஒரு சொல் பிழைத்தால் அவளுக்கு வேறு கதியில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பின்பு 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் விவாகம் செய்த பெண்ணுக்கு, விவாகத்தின்போது இருந்த ஆதனமும் பின்னர் அவளுக்கு உரித்தாகும் ஆதனமும், தேடியதேட்டம் நீங்கலாக, அவளுடைய தனி ஆதனம் என்று வகுத்தது. அந்த ஆதனத்தின் பயிர்ச்செய்கை, பராமரிப்பு, திருத்தம், வரி முதலியவற்றுக்காகப் பட்ட கடன் அல்லாமல், புருஷனுடைய மற்றக் கடன்களுக்கு அது பொறுப்பாகாது என்றும் சொல்லிற்று. கடை முறிந்தாலும், வியாபாரம் நட்டப்பட்டாலும், பெண்சாதியின் வளவுக்குள் கடன்காரன் கால்வைக்கக் கூடாது என்பது இதன் பொருள். எத்தனை பெரிய காவல்!

ஆனால் அதே சட்டம் வேறொரு கதவை அடைத்தது. தன் அசைவற்ற ஆதனத்தை அவள் மரணசாதனத்தினால் யாருக்கும் கொடுக்கலாம். உயிரோடிருக்கும்போது விற்பதற்கோ நன்கொடையளிப்பதற்கோ புருஷனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டம் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு இத்தகைய தளையை நீக்கியது. தேசவழமைக்குட்பட்ட பெண்களுக்கோ அது பொருந்தவில்லை. ஒரே தெருவில் வாழும் இரு பெண்களுள் ஒருத்தி தானே கையெழுத்து வைத்தாள். மற்றவள் புருஷனின் கையெழுத்துக்குக் காத்திருந்தாள்.

இந்த விதியின் பாரத்தை நான் ஏட்டிலே படித்து அறிந்தவனல்லன். 2012ஆம் ஆண்டில் ஒரு தாய் என் கந்தோருக்கு வந்தார். கையிலே சீதன உறுதி. நான்கு பரப்புக் காணி. அதிலே ஒரு பரப்பை விற்று மகளின் படிப்பை நடத்த வேண்டும் என்றார். நான் வழக்கம்போல, “தங்கச்சி, அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். அவருடைய கையெழுத்தும் வேணும்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அவர் எங்கை எண்டு தெரிஞ்சால் நான் ஏன் ஐயா காணி விக்க வாறன்?” என்றார். 2009ஆம் ஆண்டின் பின் அவருடைய கணவரைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

மரணச் சான்றிதழ் எடுக்கலாமே என்று சிலர் அவருக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டில் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்திருந்தது உண்மை. ஆனால் “செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்று அந்தத் தாய் சொல்லிவிட்டார். நெற்றியிலே பொட்டு இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசவில்லை. காணாமையைச் சான்றுபடுத்தும் பத்திரம் வழங்க வகைசெய்த திருத்தச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேதான் வந்தது.

அவருக்கு ஒரு வழி அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. புருஷன் கைவிட்டுப் போனாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நீண்ட சிறைவாசத்தில் இருந்தாலும், சித்தசுவாதீனம் இழந்தாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அச்சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். அவ்வாறே மனுச்செய்தோம். தவணை தவணையாக ஓராண்டுக்கு மேல் சென்றது, அனுமதி கிடைத்தது, பரப்பும் விலைப்பட்டது, மகளும் படித்தாள். ஆனால் அந்த ஓராண்டு அவர்கள் எப்படிச் சீவித்தார்கள் என்பதை எந்த வழக்கேடும் எழுதி வைக்கவில்லை.

இனித் தேடியதேட்டத்தைப் பார்ப்போம். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவாக வாழ்வின்போது தேடிய பொருள் ஒருவர் பேரில் இருந்தாலும் இருவருக்கும் சமமாக உரியது. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதன் வரைவிலக்கணத்தை மாற்றியது. விவாக காலத்தில் ஒருவர் பெறுமதி கொடுத்து வாங்கிய ஆதனம், அந்தப் பெறுமதி அவருடைய தனி ஆதனத்தின் பகுதியாக இல்லாதவிடத்து, அவருடைய தேடியதேட்டம். அவருடைய தனி ஆதனத்திலிருந்து அக்காலத்தில் வரும் வருமானமும் அவ்வாறே. ஒருவர் இறந்தால், அவர் வேறுவகையாகக் கொடுத்துவிடாத தேடியதேட்டத்தில் பாதி மற்றவருக்கும் பாதி வாரிசுகளுக்கும் போகும். இத்திருத்தத்தின் பொருளைப் பற்றி நீதிமன்றங்களிலே நெடிய வாதங்கள் நடந்திருக்கின்றன. அவற்றுக்குள் உங்களை இழுத்துச் செல்ல நான் விரும்பவில்லை. எங்கள் வீடுகளுக்கு வேண்டிய பாடத்தை மாத்திரம் சொல்லுகிறேன்.

முதலாவது, யார் பேரில் எழுதுவது? மருமகன் மனம் கோணக்கூடாதென்று மகளுக்கும் மருமகனுக்கும் கூட்டாக உறுதி எழுதுகிற தகப்பன்மார் பலரைக் கண்டிருக்கிறேன். அப்படி எழுதினால் மருமகனின் பாதி மருமகனுடையதே. அவருடைய கடன்காரன் அதைத் தொடலாம். ஒரு குடும்பத்தில் மருமகன் நல்லவர், குடியில்லை, சூதில்லை, வியாபாரம் மாத்திரம் முறிந்தது. அவர் பேரிலிருந்த பாதி வளவு ஏலத்துக்கு வந்தது. “நான் கேட்கேல்லை, மாமா தான் எழுதினவர்” என்று அவரே கண்ணீர் விட்டார். அன்பினால் எழுதிய ஒரு சொல் அன்புள்ள இருவருக்கும் கேடாயிற்று.

இரண்டாவது, பணத்தின் வழி. சீதனக் காசினாலோ, சீதனக் காணியை விற்றோ வேறு காணி வாங்கினால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை வாங்கும் உறுதியிலேயே எழுதுங்கள். ஒரு வரி எழுதாமையால் தனி ஆதனம் தேடியதேட்டம் என்று வழக்குக்குப் போகும். நகைகளுக்கும் பவுண் கணக்கோடு ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்து வைப்பது நல்லது.

மூன்றாவது, முறைப்படி முடித்தல். காணியைப் பற்றிய வாய்ப்பேச்சு செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுத்திலே முடிய வேண்டும். முடித்தபின் பதிவு செய்ய வேண்டும். பதியாத உறுதியைப் பெறுமதிக்குப் பின் எழுதிப் பதிந்த உறுதி வெல்லக்கூடும். “பிறகு பார்ப்பம்” என்று பெட்டகத்தில் வைத்த உறுதி பாதி உறுதிதான்.

நாலாவது, ஆட்சி. தூரதேசத்தில் இருப்பவர்கள் சீதனக் காணியை வேறொருவர் எதிராகப் பத்து வருடம் ஆள விட்டால், உறுதி கையிலிருக்க உரிமை போய்விடக்கூடும்.

ஐந்தாவது, ஈடு. புருஷனுடைய கடனுக்குச் சட்டம் உங்கள் ஆதனத்தைத் தொடவிடாது. ஆனால் நீங்களே ஈட்டு உறுதியில் கையெழுத்து வைத்தால் அந்தக் காவலை நீங்களே நீக்குகிறீர்கள். வாசியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடல்கடந்து விவாகம் செய்வோருக்கு ஒரு சொல். அங்குள்ள ஆதனத்துக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே வழி. கனடாவின் ஒன்ராறியோவில் விவாக ஒப்பந்தம் எழுத்திலே, இருவர் கையெழுத்தோடும் சாட்சியோடும் இருக்க வேண்டும். அங்கே ஒருவர் அதை நீட்டினால் அவமானமென்று கொதிக்க வேண்டாம். உங்கள் ஆச்சியும் உறுதியோடுதான் வந்தவர்.

இங்கே வாலிபர்கள் எழுந்து, “சீதனம் என்ற கொடுமையை நீர் நியாயப்படுத்துகிறீரா?” என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பெண்ணின் பேரிலே அவளுக்கென்று எழுதும் பங்கு வேறு. மாப்பிள்ளை வீட்டார் கையில் எண்ணி வாங்கும் நன்கொடைப் பணம் வேறு. முன்னது மகளின் உரித்து. பின்னது விலை. நன்கொடைக்கு உறுதியில்லை, பதிவில்லை. அது போனால் அவளுக்கு ஒன்றுமில்லை. நன்கொடை வாங்கமாட்டேன் என்று இந்தச் சபையிலிருக்கும் வாலிபர் ஒவ்வொருவரும் தீர்மானித்தால், தகப்பன்மார் அந்தப் பணத்தை மகளின் பேரிலேயே எழுதலாம். புருஷனின் சம்மதத்தை வேண்டும் விதி நீங்கவேண்டுமென்ற குரலும் பலகாலமாக ஒலித்து வருகிறது. நானும் அதையே சொல்லுகிறேன். உறுதி எழுத வருமுன் அன்றைய சட்டநிலையைக் கேட்டறிந்து வாருங்கள்.

முடிக்கிறேன். நான் சொன்ன அந்தத் தாய் சில ஆண்டுகளின் பின் மீண்டும் என் கந்தோருக்கு வந்தார், மகளுக்குக் கலியாணம். மிகுதி மூன்று பரப்பையும் மகளின் பேரில் எழுதச் சொன்னார். அதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டியிருந்தது. அதை முன்னமே எடுத்து வந்திருந்தார். உடன்வந்த மருமகப்பிள்ளை, “மாமி, இவவின்ரை பேரிலை மட்டும் எழுதுங்கோ” என்றார். அன்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். எழுதுவதனால் நம்பிக்கை குறைகிறதா என்று கேட்டவருக்கு அந்த முகமே விடை.