கோதுமைக் கப்பலும் பேனாவும்

(மூக்கண்டப்பள்ளித் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற வாரம் ஆலை வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் நம்மை மடக்கினார். "நீங்கள் எல்லாம் சீனாக்காரன் பக்கம்தானே, அண்ணே?" என்றார். வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குள் ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. பதிலை இங்கே சொல்கிறோம்.

ஒரு தலைவருக்கு எந்த நாட்டின்மேல் பிரியம் என்பதை மட்டும் வைத்து அவரை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். பக்கத்துத் தொரப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர் அது. 1959-ல் அவர் சுதந்திராக் கட்சி கண்டார். முதலாளிமார்களும் பழைய சமஸ்தான மன்னர்களும் அதில் போய்ச் சேர்ந்தார்கள். 1962-ல் சீனப் போர் மூண்டதும், அணிசேராக் கொள்கையை விட்டுவிட்டு மேற்கு நாடுகளோடு சேரவேண்டும் என்று அந்தக் கட்சி வாதாடியது. அந்தப் பாதையை அன்றும் எதிர்த்தோம், இன்றும் எதிர்க்கிறோம். ஆனால் அதே 1962-ல், 83 வயதில், அவர் வாஷிங்டன் போய் ஜனாதிபதி கென்னடியின் எதிரில் உட்கார்ந்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தவேண்டும் என்று வாதாடினார். மேற்கின்மேல் அனுதாபம் உண்டு. ஆனாலும் கைகட்டி நின்ற மனிதரல்ல. இதைச் சொல்ல நமக்கென்ன கூச்சம்?

நேருவைப் பாருங்கள். அணிசேராமை என்றால் உலகமே அவர் பெயரைச் சொன்னது. 1962 நவம்பர் 19 அன்று, எல்லையில் நம் படை பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம், அவர் கென்னடிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். 12 ஸ்குவாட்ரன் போர் விமானங்கள் வேண்டும், நம் ஆட்கள் பழகும்வரை அமெரிக்கர்களே அவற்றை ஓட்டவேண்டும் என்று கேட்டார். இரண்டு நாளில் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. அந்த விமானங்கள் வரவில்லை. வந்திருந்தால்? வந்த விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று யாருக்குத் தெரியும்!

1963 ஜூலையில் இன்னொன்று. கல்கத்தாவில் 1000 கிலோவாட் வானொலி நிலையத்துக்கு அமெரிக்கா கருவி தரும். பதிலுக்கு 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' தினம் மூன்று மணி நேரம் அதில் பேசும். ஒப்பந்தமே ஆகிவிட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நேரு பின்வாங்கினார்.

எல்லாவற்றிலும் கொடியது வயிற்றுக் கதைதான். 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி வந்த கோதுமையை நம்பி நாடு காத்துக் கிடந்தது. வியத்நாமில் குண்டு போடுவதை நிறுத்து என்று இந்தியா சொன்னது ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. ரேஷன் கடைக்காரன் அளப்பதுபோல் கப்பல்களை எண்ணி எண்ணி விட்டார். உலக வங்கியும் சேர்ந்து நெருக்கியது. 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலர் கடனுக்கு 4 ரூபாய் 76 காசு கொடுத்த நாடு, மறுநாளிலிருந்து 7 ரூபாய் 50 காசு கொடுக்க நேர்ந்தது. இந்திரா காந்தி அமெரிக்காவின் அடிமையா? இல்லை. 1971-ல் ஏழாவது கடற்படை வங்கக் கடலுக்கு வந்தபோதும் அவர் அசையவில்லை. ஆனால் 1966-ல் களஞ்சியம் காலி. அந்த வித்தியாசம்தான் நாட்டின் இறைமை. கழனியில் குனிந்து நாற்று நடும் நம் தாய்மார்கள் அதைக் காத்த கதையை யாரும் எழுதுவதில்லை.

நம் வீட்டுக் கதையையும் மறைக்கவேண்டாம். 1962 நவம்பரில் கட்சியின் தேசியக் கவுன்சில் சீனத் தாக்குதலைக் கண்டித்தது. அதற்கு உடன்படாத தோழர்களும் இருந்தார்கள். விசாரணை இல்லாமலே நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1964-ல் கட்சியே இரண்டாயிற்று. மாஸ்கோ என்ன சொல்லும், பீகிங் என்ன சொல்லும் என்று நம்மவர்கள் அளவுக்கு மேல் காது கொடுத்தார்கள் என்பதே நம் எண்ணம். ஆனால் நாட்டை எழுதிக்கொடுக்கும் பேனா டில்லியில் இருக்கிறது, தம்பி. அதையும் பார்.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவோடு ராணுவத் தளவாட ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவர்கள் கப்பலும் விமானமும் நம் துறைமுகங்களிலும் தளங்களிலும் எண்ணெய் நிரப்பலாம், பழுது பார்க்கலாம். நமக்கும் அங்கே அதே வசதி. தளம் எதுவும் கொடுக்கவில்லை என்கிறது சர்க்கார். ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லித்தான் மனு தயாரித்திருக்கிறோம். தோழர்கள் வாசலில் நோட்டுடன் நிற்கிறார்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் போடுங்கள். கைநாட்டும் செல்லும்.