கைக்குத் தெரிந்த வீச்சு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பள்ளியில் புதிய விளையாட்டுகள்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பட்டியல் போட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு விளையாட்டு, அதில் ஒரே ஒரு வீச்சு, அதில் நான் செய்த இரண்டு தவறுகள். இவற்றை மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

டிஸ்க் கோல்ஃப் அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எட் ஹெட்ரிக் என்பவர் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான ஆடுகளத்தை அமைத்தார். குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடையில் சேர்ப்பவரே வெற்றி பெறுவார். வழியில் மரங்கள் நிற்கும். வளைந்துதான் போக வேண்டும்.

இதில் அடிப்படை வீச்சுகள் இரண்டு. தோளை இலக்கின் பக்கம் திருப்பி, தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசுவது பேக்ஹேண்ட். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தட்டின் உள்விளிம்பில் வைத்து, உடலின் பக்கவாட்டிலிருந்து மணிக்கட்டைச் சுண்டி வீசுவது ஃபோர்ஹேண்ட். வலக்கைப் பழக்கமுள்ளவர் பேக்ஹேண்ட் வீசினால், மேலிருந்து பார்க்கும்போது தட்டு வலஞ்சுழியாகச் சுழலும். வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். ஃபோர்ஹேண்டில் இடஞ்சுழி, முடிவில் வலப்பக்கம் இறங்கும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு எல்லாம் தலைகீழ். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் இரும்புக் கூடை ஏது? வேப்பமரக் கிளையில் பழைய சைக்கிள் டயரைக் கட்டித் தொங்கவிட்டோம். தட்டுகள், சென்னைக் கடற்கரையில் 'அல்டிமேட்' ஆடுகிறவர்கள் பயன்படுத்தும் 175 கிராம் தட்டுகள். முதல் நாளே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டை வாங்கினாள், உடம்பைத் திருப்பவில்லை, பக்கவாட்டில் ஒரு சுண்டு. தட்டு டயருக்குள் புகுந்து போனது. "எங்கம்மா கத்துக்கிட்டே?" என்றேன். "ஏரியில ஓட்டாஞ்சில்லு எறிவேன் சார், தத்தித் தத்திப் போகும்" என்றாள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிவிட்டு வருகிற பலருக்கும் ஃபோர்ஹேண்ட் இப்படித்தான் முதலில் வருகிறது. கை ஏற்கெனவே அறிந்த அசைவு அது.

நான் என்ன செய்தேன்? "அது சரியான முறை இல்லை. முதலில் பேக்ஹேண்ட் பழகு" என்றேன். காணொளிகளில் அப்படித்தான் வரிசைப்படுத்தியிருந்தார்கள். மூன்று வாரம் முயன்றாள். தட்டு தரையில் குத்தியது; பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான்காம் வாரம் அவள் வரவில்லை. மைதானத்தில் திறமையோடு நுழைந்த குழந்தையைத் திறமையற்றவளாக்கி அனுப்பியது நான். இது முதல் தவறு.

பிறகுதான் விவரமாகப் படித்தேன். ஃபோர்ஹேண்ட் குறைபட்ட வீச்சே அல்ல. வீசும் நேரம் முழுவதும் கண் இலக்கைவிட்டு விலகாது. மரத்தடியில், காலை நன்றாக ஊன்ற இடமில்லாத இடத்தில் நின்றும் வீசலாம். 2016, 2017 ஆண்டுகளில் உலகச் சாம்பியனான ரிக்கி வைசாக்கியின் பெரிய பலங்களில் ஒன்று அது. அவளிடம் போய், "உன் வீச்சிலேயே எறிம்மா, நான் சொன்னது தப்பு" என்றேன். மறுநாளே வந்தாள்.

அடுத்து இரண்டாவது தவறு. இனி அவள் வழியில் குறுக்கிடக் கூடாது என்று முழுவதுமாக விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஃபோர்ஹேண்ட்தான். மாலையில் கணக்கில்லாமல் எறிவாள். ஒரு நாள் முழங்கையின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வீச்சில் அந்த இடத்தில் இழுவை அதிகம். வளரும் வயதில் அங்கே எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பேஸ்பால் வீசும் சிறுவர்களுக்கு இதே இடத்தில் வலி வருவதால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. நல்லவேளையாக, ஓய்வு கொடுத்தால் போதும் என்றார் மருத்துவர். தடுத்ததும் தவறு, கவனிக்காமல் விட்டதும் தவறு.

அவள் ஓய்வில் இருந்த நாட்களில் யோசித்தேன். "பேக்ஹேண்ட் பழகு" என்று இனி வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். டயரை இடம் மாற்றிக் கட்டினேன். நடுவில் வேப்பமரம், அதன் இடப்பக்கத்துக்குப் பின்னால் டயர். ஃபோர்ஹேண்ட் வீசினால் தட்டு முடிவில் வலப்பக்கம் ஓடும், டயரை நெருங்காது. திரும்பி வந்தவள் நாலைந்து முறை எறிந்தாள். நின்று பார்த்தாள். "சார், இதுக்கு அந்த இன்னொரு வீச்சுதான் வேணும்போல" என்றாள். அன்றுதான் அவள் பேக்ஹேண்ட் கற்கத் தொடங்கினாள். நான் மூன்று வாரம் சொல்லிக் கொடுக்க முடியாததை ஒரு மரம் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு இத்தனை வீச்சு என்று எண்ணிக்கையும் வைத்தோம். இன்றும் அவளுக்குப் பிடித்தது ஃபோர்ஹேண்ட்தான். ஆனால் எறியும் முன் மரத்தைப் பார்க்கிறாள். பிறகுதான் தட்டைப் பிடிக்கிறாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டு புரண்டால் தட்டு தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைத் தாங்கிக்கொண்டு நேராகப் போகும் கனத்த விளிம்புத் தட்டுகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றை மட்டுமே வீசுகிறவருக்குத் தன் பிழை கடைசிவரை தெரியாது. எங்கள் சாதாரணத் தட்டு உடனே தள்ளாடிக் காட்டிக்கொடுத்துவிடும். நோட்ஸ் வைத்தே எல்லாத் தேர்வையும் கடந்துவிடும் மாணவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

கணித ஆசிரியர்களே, விரல்விட்டு எண்ணியே சரியான விடை சொல்லும் குழந்தை உங்கள் வகுப்பில் இருக்கும். மொழி ஆசிரியர்களே, பேச்சில் கதையை அருமையாகச் சொல்லி, எழுதச் சொன்னால் தயங்கும் குழந்தை இருக்கும். அது அந்தக் குழந்தையின் ஃபோர்ஹேண்ட். அதைப் பறித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்காதீர்கள். அதையே நம்பி ஆண்டு முழுவதும் ஓட்டவும் விடாதீர்கள். அந்த வழி மட்டும் போதாத ஒரு கணக்கை, ஒரு வேலையைக் கொடுங்கள். இன்னொரு வழி வேண்டும் என்று குழந்தையே கேட்கட்டும்.

டயரை எங்கே கட்டுவது என்று யோசிப்பதுதான் நம் வேலை.