பம்பரத்தின் வளையங்கள்

   

பேராசிரிய நண்பர்களே, என் வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். புழங்குபொருளில் பயன் முதலில் பிறந்தது, அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று கருத்தரங்குதோறும் சொல்கிறீர்கள். வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். நீங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் புழங்குபொருள்களைப் பதிவு செய்யும் அட்டவணையில் வடிவம், பயன், அலங்காரம் என்று தனித்தனிக் கட்டம் போடும்போது அவர் வழியில்தான் நடக்கிறீர்கள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றி எழுதிய நூலில் கட்டடக் கலையோடு அரக்கு வேலைக்கும் பாய் முடைதலுக்கும் இடம் கொடுத்தார். நான் அவர் பக்கம்.

ஒரு பம்பரத்தை எடுத்துக்கொள்வோம். கடைசல்காரர் கட்டையைக் கடைசல் பட்டறையில் பூட்டிச் சுழல விடுகிறார். உளி பட்டு உருவம் வருகிறது. கட்டை சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடிக்கிறது. கர்நாடகத்துச் சென்னபட்டணப் பட்டறைகளில் இதன்மேல் காய்ந்த தாழை மடலை அழுத்தி மெருகேற்றுவார்கள். வண்ணம் வளையமாக விழுவது இப்படித்தான். கடைசல்காரர் தூரிகை தொடவில்லை, சுழற்சியே வரைந்துவிட்டது.

ஆடுகளத்துக்கு வாருங்கள். பம்பரத்தின் மேல் ஒரு பூவை வரைந்து சுற்றிவிடுங்கள். பூ மறைந்து மங்கலான பட்டை ஒன்றுதான் தெரியும். சிவப்பும் மஞ்சளுமாக விசிறிபோல் பிரித்துத் தீட்டினால் இரண்டும் கலந்து ஒரே நிறமாகும். ஸ்காட்லாந்து அறிவியலாளர் மேக்ஸ்வெல் 1850களில் நிறக்கலப்பை ஆராய்ந்தது இப்படிப்பட்ட வண்ணப் பம்பரத்தை வைத்துத்தான். அச்சைச் சுற்றிய வளையம் மட்டுமே, எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் வளையமாகவே நிற்கும். ஆட்டத்தில் அழியாத ஒரே அலங்காரத்தைக் கடைசல் மரபு கண்டெடுத்து வைத்திருக்கிறது. இதைப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அழகு என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த வளையம் வேலையும் செய்கிறது. பம்பரம் தலையாட்டத் தொடங்கும்போது வளையத்தின் ஓரம் கலங்கும். ஆணி கோணலா, சாட்டையை இழுத்த வாக்கு சரியில்லையா என்று பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஆணிக்கு மேலே கடைந்த வரிகளைப் பாருங்கள். அட்டவணையில் இவையும் அலங்காரம்தான். அந்த வரிகள் இல்லாவிட்டால் சாட்டை வழுக்கிவிடும்.

ஆக்கர் என்னும் குத்துவடு விழுந்த பம்பரத்தைச் சேதமடைந்தது என்று பதிவு செய்வதையும் இங்கே கண்டிக்க வேண்டும். எதிராளியின் ஆணி குத்திய ஒவ்வொரு வடுவும் ஆட்டத்தின் பதிவு. அரக்கு பெயர்ந்த இடத்தில் உள்மரம் தெரியும்; அது என்ன மரம் என்ற ஆய்வையே அங்கிருந்து தொடங்கலாம். கீறலில்லாத பம்பரத்தைத் தேடியெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் அசையாமல் நிறுத்தி, அதன் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். சுழலாத பம்பரத்தில் அந்த வளையத்தின் பாதி வேலை கண்ணில் படாது.

பல்லாங்குழியை விரிவாகப் பேச நேரமில்லை. நடுவில் மடங்கும் மீன் வடிவப் பலகையை மூடினால் சோழிகள் உள்ளேயே தங்கும். மீன் அங்கே ஓவியமா, பெட்டியா? உலக்கைப் பூணும் மரம் பிளக்காமல் காப்பது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலை துணியின் இழையை எண்ணித்தான் நடக்கிறது; துணி இல்லாமல் அந்தக் கோலத்துக்குக் கணக்கே கிடையாது.

அடுத்து வருவோர்க்குச் சில வேலைகள். சவ்வாதுமலையில் சாமை குத்தும் உரல், உலக்கை, முறம், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றைப் புழக்கத்தில் இருக்கும்போதே படம்பிடிக்க வேண்டும். பம்பரத்தை நிறுத்தி ஒரு படம், சுழலவிட்டு ஒரு படம். கீழடியில் கிடைத்த வட்டச்சில்லுகளில் ஓரத் தேய்மானத்தை அளக்கலாம். செங்கம் வட்டார நடுகற்களில் வில், வாள் செதுக்கிய முறையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அட்டவணையில் அலங்காரம் என்ற தனிக் கட்டத்தை நீக்குவது பற்றி வரும் கூட்டத்திலாவது முடிவெடுங்கள்.